ஞாயிற்றின் விளிம்பு மங்கலும் புறக்கோள்களின் பருமனும்

புத்தளம் நகரை அடுத்து, களப்பின் கிழக்குக் கரையை ஒட்டித் தில்லையடி என்னும் ஊர் உளது. தில்லையடி என்றவுடன் தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்திற் பங்குகொண்டு இளமையிலேயே உயிர்நீத்த வள்ளியம்மையின் பெயர் பலர்க்கு நினைவு வரும். அவருடைய தில்லையடி தமிழ்நாட்டில் தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ளது. யான் கூறுவது இலங்கையின் மேல்கரையிலுள்ள தில்லையடி. இங்கே மேற்கு நோக்கி நிற்போர்க்குக் களப்பின் நீர்ப்பரப்பும் அதற்கப்பாற் கற்பிட்டித் தீபகற்பத்தின் மெல்லிய கரைக்கோடும் அன்றி ஞாயிற்றை மறைப்பது வேறொன்றும் இல்லை.

2004ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அக்கரைக்குச் சென்றிருந்தேன். வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் காட்சி 1882க்குப் பின் அன்றுதான் நிகழ்ந்தது. அக்காலத்து இலங்கை நேரப்படி முற்பகல் 11 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி மாலை 5.30க்குச் சற்று முன் முடிந்தமையால், கடப்பு முழுவதையும் காணும் பேறு நமக்கு வாய்த்தது. ஞாயிற்றை நேரே நோக்குதல் கண்ணுக்குக் கேடாதலின், இருகண் தொலைநோக்கி ஒன்றின் ஒரு குழலை மூடி, மறுகுழலின் வழியாக ஒளியை வெள்ளைத்தாள் ஒன்றில் விழச்செய்தோம். உள்ளங்கை அளவான ஒளிவட்டமும், அதனுள் மிளகளவேனும் இல்லாத கரும்புள்ளி ஒன்றும் தோன்றின. அப்புள்ளியே வெள்ளி.

எல்லோரும் புள்ளியை நோக்கியிருக்க, மாணவன் ஒருவன் மட்டும் வட்டத்தின் ஓரத்தை நோக்கிக்கொண்டிருந்தான். “சேர், நடுவில் வெள்ளையாக இருக்கிறது; ஓரத்தில் மட்டும் பழுப்பேறினாற்போல மங்கலாக இருக்கிறதே, ஏன்?” என்று வினவினான். கண்ணாடியின் குறையாக இருக்கும் என்று விடை கூறினேன். அவன் தலையசைத்துவிட்டு மீண்டும் ஓரத்தையே நோக்கினான். யான் கூறிய விடை பிழையென்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அப்பிழையைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரை. அம்மாணவன் கண்டது கண்ணாடியின் குறையன்று, ஞாயிற்றின் இயல்பு. அதனை வானியலார் விளிம்பு மங்கல் என்பர். மிக எளிதாகத் தோன்றும் இவ்வியல்பைச் செம்மையாக அறியாவிடின், பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களின் பருமனை அறிதல் இயலாது.

இவ்வியல்பை முதலிற் குறித்தோருள் ஒருவர் ஷைனர் என்னும் செருமானியப் பாதிரியார். ஞாயிற்றுப் புள்ளிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1630இல் அச்சேறி முடிந்தது. அவரும் நம்மைப்போலவே ஞாயிற்றின் உருவைத் தாளில் வீழ்த்தி ஆராய்ந்தவரே. ஆயின் மங்கலைக் காண்பது வேறு, அளப்பது வேறு. அளந்தவர் பிரான்சியராகிய பியர் பூகே. 1729ஆம் ஆண்டளவில் அவர், வட்டத்தின் நடுவிலுள்ள ஒளியையும், நடுவிலிருந்து ஆரையின் முக்காற்பங்கு தொலைவிலுள்ள ஒளியையும் ஒப்பிட்டு, அவை 48க்கு 35 என்னும் விகிதத்தில் உள்ளன என்றார். அஃதாவது நடுவில் 100 எனின் அவ்விடத்தில் 73. நம் காலத்துக் கணிப்பின்படி அது ஏறக்குறைய 80. ஒளிமானி எனத்தக்க கருவி எதுவுமின்றிக் கண்ணையே துலாக்கோலாகக் கொண்டு அளந்தவர்க்கு இது பெருந்தவறன்று.

பூகேயின் அளவையைக் கையிலெடுத்த லாப்பிளாஸ் அதிலிருந்து பெற்ற முடிவே வியப்பிற்குரியது. ஞாயிற்றின் பரப்பு ஒவ்வோரிடத்தும் எல்லாத் திசைகளிலும் சமமாக ஒளியை விடுகின்றது என்று அவர் கொண்டார். அவ்வாறாயின் சாய்ந்து தோன்றும் ஓரப்பகுதிகளில் ஒளி நெருங்கி, விளிம்பே நடுவினும் பிரகாசமாகத் தோன்றவேண்டும். விளிம்போ மங்கிக் காணப்படுகின்றது. ஆகவே ஞாயிற்றைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம் ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றது என்றும், அது நீங்கினால் ஞாயிறு இப்போதையினும் 12 மடங்கு ஒளியுடன் திகழும் என்றும் அவர் முடிவு கூறினார். அவர் நடத்திய கணிதத்தில் வழுவில்லை. தொடங்கிய எடுகோளே பிழை. பின்வந்தோர் அவ்வெடுகோளைக் கைவிட நெடுங்காலம் சென்றது. பெரியோர் பெயரால் வழங்கும் பிழைக்கு ஆயுள் அதிகம் போலும்.

இதனிடையே விளிம்பு மங்கல் வானியலார்க்கு அவர்கள் அறியாமலே ஓர் இன்னலை விளைத்துக்கொண்டிருந்தது. 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த வெள்ளிக் கடப்புகளைக் கொண்டு புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க ஐரோப்பியர் உலகெங்கும் சென்றனர். அவர்களுள் லெ ஜென்டில் என்பாரின் கதை நம் கரைகளோடு தொடர்புடையது. புதுச்சேரியை நாடிப் புறப்பட்ட அவர், அந்நகர் ஆங்கிலேயர் கைப்பட்டுவிட்டமையால் 1761ஆம் ஆண்டுக் கடப்பைக் கடலின்நடுவே கப்பலிலிருந்து காண நேர்ந்தது. ஆடும் தளத்தில் நின்று செம்மையான அளவை எடுத்தல் எங்ஙனம்? அடுத்த கடப்பிற்காக எட்டாண்டுகள் இந்துமாகடற் பகுதியிலேயே தங்கினார். 1769 ஜூன் 4ஆம் நாட் காலையிற் புதுச்சேரி வானத்தை முகில் மூடிற்று. கடப்பு முடிந்த பின்னரே ஞாயிறு வெளிவந்தது. தம் முதன்மையான நோக்கம் கைகூடாதொழிந்தாலும், அங்கே தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுத் தம் நூலில் எழுதிவைத்தார். அந்நூலால் நமக்கு வந்த ஆதாயம் பெரிது.

வானம் தெளிந்திருந்த இடங்களில் நின்றவர்க்கும் முழுவெற்றி கிட்டவில்லை. தாகித்தித் தீவிலிருந்து நோக்கிய கப்பித்தான் குக் முதலானோர், வெள்ளியின் கருவட்டம் ஞாயிற்றின் விளிம்பைத் தொட்டு விலகும் நொடியைக் குறிக்க முயன்றபோது, கருவட்டம் விளிம்போடு ஒட்டிக்கொண்டு நீர்த்துளி போல் நீளக் கண்டனர். ஒரே இடத்தில் அருகருகே நின்றவர் குறித்த நேரங்களும் பல நொடிகள் வேறுபட்டன. இக்கருந்துளித் தோற்றத்திற்கு வெள்ளியின் வளிமண்டலமே காரணம் என்று நெடுங்காலம் பலர் கருதினர். 1874ஆம் ஆண்டுக் கடப்பின்போதும் அச்சிக்கல் நீங்கவில்லை. அக்கடப்பைப் பொதுமக்கள் அறிந்து நோக்குமாறு, சென்னை வானாய்வு நிலையத்திற் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் சிறுநூலொன்று எழுதி வெளியிட்டார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவரும் அவரே. அவருடைய பெயர் நம் பாடநூல்களில் இடம்பெறாதது குறையே.

கருந்துளியின் காரணம் தெளிவானது, நம் மாணவர் தில்லையடியில் வெள்ளியைக் கண்ட அதே 2004ஆம் ஆண்டிலாகும். 1999இல் புதன்கோள் ஞாயிற்றைக் கடந்ததை விண்வெளியிலிருந்து துணைக்கோள் ஒன்று படம் பிடித்திருந்தது. புதனுக்குக் குறிப்பிடத்தக்க வளிமண்டலம் இல்லை. விண்வெளியில் நம் காற்றின் கலக்கமும் இல்லை. எனினும் அப்படங்களிலும் கருந்துளி தோன்றிற்று. அவற்றை ஆராய்ந்த ஷ்னைடர், பசக்கோவ், கோலப் என்னும் மூவர், தொலைநோக்கி உருவைச் சிறிது கலைத்துக் காட்டுதலும், ஞாயிற்றின் ஒளி விளிம்பருகே விரைந்து குன்றுதலும் சேர்ந்தே அத்தோற்றத்தை உண்டாக்குகின்றன என்று நிறுவினர். கப்பித்தான் குக்கை மயக்கியதும், எம் மாணவன் கண்டதும் ஒன்றே.

இனி, விளிம்பு மங்குவது ஏன்? களப்பில் தோணி தள்ளுவோர் கையிலுள்ள கோலை நினைந்துகொள்க. ஒரே கோலை நிமிர்த்தி நீரில் ஊன்றினால் அது ஆழத்திற்குச் செல்லும். சாய்த்து ஊன்றினாலோ மேல்நீரளவே எட்டும். ஞாயிற்றின் வாயுவினுள் நம் பார்வையும் அத்தகையதே. வாயு ஒளியை உறிஞ்சுவதாதலின் ஒரு குறித்த நீளத்திற்கு மேல் நாம் உள்ளே காண இயலாது. வட்டத்தின் நடுவில் நம் பார்வை நிமிர்ந்து செல்கின்றது. ஆழ்ந்த, வெப்பமிக்க படைகளின் ஒளி நம்மை வந்தடைகின்றது. விளிம்பிலோ அது சாய்ந்து செல்வதால் மேற்படைகளின் ஒளியே கிட்டுகின்றது. மேற்படைகள் வெப்பம் குன்றியவை. நடுவில் ஏறத்தாழ 6,400 கெல்வின் வெப்பநிலையையும் விளிம்பில் ஏறத்தாழ 5,000 கெல்வின் வெப்பநிலையையும் காண்கின்றோம். வெப்பம் குன்றிய பொருள் மங்குவதோடு சிவக்கவும் செய்யும். மாணவன் ‘பழுப்பு’ என்றது இதனையே. நீல ஒளியில் மங்கல் மிகுதி, சிவப்பொளியிற் குறைவு.

ஆகவே விளிம்பு மங்கல், ஞாயிற்றின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி வெப்பநிலை எங்ஙனம் ஏறுகின்றது என்பதைக் கூறும் ஏடாகும். அதனை முதலில் வாசித்தவர் கோட்டிங்கன் வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு. அவருடைய 1906ஆம் ஆண்டுக் கட்டுரையின் முறை மிகவும் அழகியது. ஞாயிற்றின் மேற்படைகளில் வெப்பம் இரு வழிகளில் மேலேறக்கூடும்: கொதிக்கும் உலைநீர் போல் வாயு கீழும் மேலும் புரளுதலாகிய மேற்காவுகை ஒன்று, படைக்குப் படை கதிர்வீச்சு உறிஞ்சப்பட்டும் வெளிவிடப்பட்டும் செல்லுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே எடுகோளாகக் கொண்டு, ஒவ்வொன்றின்படியும் விளிம்பு எவ்வளவு மங்கவேண்டும் என்று கணித்தார். மேற்காவுகையின்படி விளிம்பு காணப்படுவதினும் மிக இருண்டிருத்தல் வேண்டும். கதிர்வீச்சின்படி பெற்ற கணக்கோ அளவைகளோடு இயைந்தது. தொட முடியாத ஞாயிற்றின் மேற்படைகளில் வெப்பம் எவ்வழி செல்கின்றது என்பது, அதன் ஓரத்து மங்கலைக் கொண்டே தீர்க்கப்பட்டது.

ஷ்வார்ட்ஸ்சைல்டின் கணக்கு அண்ணளவானது. 1921இல் இங்கிலாந்தில் மில்ன் அதனை மேலும் செப்பஞ்செய்தார். எடிங்டன் கண்ட எளிய அண்ணளவின்படி, விளிம்பின் ஒளி நடுவொளியில் 100க்கு 40. ஆயின் கதிர்வீச்சு ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு செல்கின்றது என்பதைக் கூறும் சமன்பாட்டில், அறியவேண்டிய கணியம் தொகையீட்டிற்கு உள்ளேயும் வெளியேயும் நிற்கின்றது. அது திருத்தமாகத் தீர்க்கப்பட்டு எல்லா வகைக்கும் ஏற்ற முறையாக விரிவடைந்தது தமிழர் ஒருவரின் உழைப்பால்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் இலாகூரில் பிறந்தார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும் பின் மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1930இல் கேம்பிரிட்சுக்குக் கப்பலேறினார். வெண்குறு விண்மீன்களின் திணிவுக்கு எல்லையுண்டு என்று அவர் கண்டதும், எடிங்டன் 1935இல் அதனைப் பலர்முன் எள்ளியதும், 1983இல் நோபல் பரிசு வந்ததும் யாவரும் அறிந்த கதை. ஈண்டு விரித்தல் வேண்டா. எனக்கு வியப்பாவது வேறொன்று. 1943 முதல் 1950 வரை, அமெரிக்காவின் யேர்க்கிசு வானாய்வு நிலையத்திலிருந்து, கதிர்வீச்சின் செலவு என்னும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, விண்மீன் வளிமண்டலங்களின் கதிர்ப்புச் சமநிலை பற்றி இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை அவர் தொடராக எழுதினார். தமக்கு மிகுந்த நிறைவளித்த பணி இதுவே என்று பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. வெண்குறு விண்மீன் பற்றிப் பேசும் நம்மவர் இதனைப் பேசுவதில்லை.

அவர் கையாண்ட வழி இது. எண்ணற்ற திசைகளிற் செல்லும் கதிர்களைச் சில தேர்ந்த திசைகளில் மட்டும் செல்வனவாகக் கொண்டால், தொகையீட்டுச் சமன்பாடு சாதாரணச் சமன்பாடுகளின் கூட்டமாகிவிடும்; அதனைத் தீர்க்கலாம். திசைகளின் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் விடை மெய்விடையை அணுகும். இம்முறையிற் பெற்ற விடைகள் எல்லாம் ஒரே வடிவான சார்பொன்றால் அமைவதை அவர் கண்டார். பின்னர், ஆர்மீனிய வானியலார் அம்பார்சூமியன் 1943இல் வெளியிட்ட கருத்தொன்றைப் பின்பற்றி, முடிவிலா ஆழமுள்ள வளிமண்டலத்தின் மேல் மேலுமொரு மெல்லிய படையைச் சேர்த்தாலும் அதன் தோற்றம் மாறாது என்னும் தத்துவத்திலிருந்தே அச்சார்பைத் திருத்தமாக வருவித்தார். கடலோடு ஒரு குடம் நீரைச் சேர்த்தாற்போன்ற அவ்வெளிய எண்ணத்திலிருந்து அருங்கணிதம் பிறந்தது. அச்சார்புகளின் அட்டவணைகளைக் கணித்தெடுப்பதில் பிரான்சிசு பிரீன் என்னும் அம்மையார் அவர்க்குத் துணைநின்றார். இன்று கணினி நொடியில் தரும் எண்களை அக்காலத்தில் மேசைக் கணிப்பொறியால் பல நாட்கள் உழைத்தே பெறவேண்டியிருந்தது.

திருத்தமான விடையின்படி, எல்லா நிறங்களையும் ஒப்ப உறிஞ்சும் வளிமண்டலத்தில் விளிம்பொளி நடுவொளியில் 100க்கு 34.4. எடிங்டனின் 40க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதே. எனினும் பிற்காலத்துச் செய்தியை நோக்கினால், அச்சிறு வேறுபாட்டை ஆராய்ந்ததன் பயன் விளங்கும். 1950இல் இவ்வாராய்ச்சிகள் ‘கதிர்வீச்சின் செலவு’ எனப் பொருள்படும் நூலாக ஒக்சுபோர்டில் வெளியாயின.

இவ்வாராய்ச்சியின் கிளைக்கதை ஒன்று சுவையானது. வெப்பம் மிக்க விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி, நூற்றுக்கு 11 வீதத்திற்கும் மேலாக முனைவாக்கம் அடைந்திருக்கும் என்று சந்திரசேகர் 1946இல் கணித்தார். அதனைச் சோதிக்க, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களை ஹில்ட்னர், ஹோல் என்னும் இருவர் நோக்கினர். 1949இல் அவர்கள் முனைவாக்கத்தைக் கண்டது மெய்யே. ஆயின் அது விளிம்பிலிருந்து வந்ததன்று, விண்மீன்களுக்கிடையே பரந்த தூசியினால் உண்டானது. ஒன்றைத் தேடிச் சென்றோர் அதனினும் பெரியதொன்றைக் கொணர்ந்தனர். சந்திரசேகர் கூறிய விளிம்பு முனைவாக்கம் மெய்யாகவே காணப்பட 1983 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

இரட்டை விண்மீன்களைக் குறிப்பிட்டோம். ஞாயிற்றைத் தவிர்ந்த ஏனைய விண்மீன்கள் எத்தொலைநோக்கியிலும் பெரும்பாலும் புள்ளியாகவே தோன்றுவதால், அவற்றின் விளிம்பை நேரே காண்பதரிது. ஆயின் ஒரு விண்மீன் மற்றொன்றன் முன் செல்லும்போது ஒளி குன்றும் முறையிலிருந்து விளிம்பு மங்கலை உய்த்துணரலாம் என்று ரசலும் ஷாப்லியும் 1912இலேயே காட்டினர். விண்மீனுக்கு முன் விண்மீனுக்குப் பதில் கோளொன்று சென்றால் என்னாகும் என்பது அப்போது வெறுங் கற்பனை.

அக்கற்பனை 1999 செப்டெம்பரில் மெய்யாயிற்று. பெகாசசு விண்மீன் குழுவிலுள்ள எச். டி. 209458 என்னும் விண்மீனை, அமெரிக்காவின் கொலராடோவில், வெறும் 10 செ.மீ. வில்லையுடைய தொலைநோக்கியால் டேவிட் சார்போனோ, டிமதி பிரவுண் முதலியோர் நோக்கினர். அதன் கோள் ஏறத்தாழ மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதனைச் சுற்றி வருவதும், அது விண்மீனைக் கடக்கும் சுமார் மூன்று மணி நேரத்தில் ஒளி நூற்றுக்கு ஏறத்தாழ 1½ வீதம் குன்றுவதும் புலனாயின. அதே காலத்தில் ஹென்றி என்பாரின் குழுவினரும் அதனைத் தனியே கண்டனர்.

ஒளி குன்றும் அளவிலிருந்து கோளின் பருமனை அறிதல் முதற்பார்வைக்கு மிக எளிது. மறைந்த ஒளியின் பங்கு கோளின் வட்டப்பரப்புக்கும் விண்மீனின் வட்டப்பரப்புக்கும் உள்ள விகிதம் என்று கொண்டால் முடிந்தது. தில்லையடியில் யாம் கண்ட வெள்ளியின் விட்டம் ஞாயிற்று விட்டத்தில் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு. எனவே ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி குன்றியிருக்கும். வேற்றுலகத்தார் எவரேனும் புவி ஞாயிற்றைக் கடக்கக் கண்டால், ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே குன்றும்.

இக்கணக்கு ஞாயிறு முழுவதும் ஒரே ஒளியுடன் திகழ்வதாகக் கொண்டது. எடிங்டனின் எளிய விதியையே எடுத்துக்கொள்வோம். நடுவொளி 100, விளிம்பொளி 40 எனின், வட்டம் முழுவதன் சராசரி ஒளி 80. ஆகவே நடுவிற் செல்லும் கோள், தன் பரப்பிற்கு உரிய பங்கினும் நான்கிலொரு பங்கு அதிகமான ஒளியை மறைக்கும். விளிம்பை ஒட்டிச் செல்லும்போது உரிய பங்கிற் பாதியையே மறைக்கும். இதனை அறியாதவன், நடுவிற் செல்லும் கோளின் ஆரையை நூற்றுக்கு ஏறத்தாழ 12 வீதம் மிகுத்துக் கூறுவான். கன அளவு ஆரையின் மூன்றாம் படியாதலின் அது நூற்றுக்கு 40 வீதம் மிகும். கோளின் திணிவு வேறு வழியால் அறியப்பட்டிருப்பின், அதன் அடர்த்தி நூற்றுக்கு 28 வீதம் குறைந்து தோன்றும். பாறையாலான கோளைப் பாதி நீரென்றும், நீர் மிக்கதை வாயுப்போர்வை உடையதென்றும் கூற இப்பிழை போதும். உயிர் வாழத்தக்க நிலம் எங்குளது என்று தேடுவோர்க்கு இது சிறு பிழையன்று.

விளிம்பு மங்கலை ஞாயிற்றுக்கப்பால் ஒளி வளையியில் வெளிப்படையாகக் காட்டிய பெருமை ஹபிள் விண்தொலைநோக்கிக்கு உரியது. ஒளி ஒரே சீரான வட்டத்தின் முன் கோள் சென்றால், ஒளி வளையியின் அடி தட்டையாக இருத்தல் வேண்டும், தட்டின் அடிபோல. 2000ஆம் ஆண்டில் எச். டி. 209458இன் கடப்புகள் நான்கை ஹபிள் நோக்கியபோது, அடி கிண்ணத்தின் அடிபோல் வளைந்திருக்கக் கண்டனர். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஒளியாண்டுத் தொலைவில் புள்ளியாகத் தோன்றும் விண்மீனின் ஓரமும், தில்லையடித் தாளில் விழுந்த ஞாயிற்றின் ஓரத்தைப் போலவே மங்கியது! பின்னர் ஹீதர் நட்சன் என்னும் அம்மையாரும் பிறரும் அவ்வொளியைப் பத்து நிறக்கூறுகளாகப் பிரித்து ஆராய்ந்து, நீலத்தில் வளைவு மிகுதியென்றும் சிவப்பில் அடி தட்டையை நோக்குகின்றதென்றும் 2007இற் காட்டினர். அக்கோளின் ஆரை, வியாழனின் ஆரையை 1 எனக் கொண்டால், முதலில் 1.27 என்றும், 2001இல் 1.35 என்றும், 2007இல் 1.32 என்றும் கூறப்பட்டது. இம்மாற்றங்களுக்கு விண்மீனின் பருமனைப் பற்றிய ஐயமும் ஒரு காரணம்; முழுப்பழியையும் விளிம்பின்மேற் சுமத்துதல் நேர்மையன்று.

கோள்கள் பத்தாயிருந்தபோது ஒவ்வொன்றையும் தனியே ஆராயலாம். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலமும் 2018இல் ஏவப்பட்ட டெசு விண்கலமும் ஆயிரக்கணக்கிற் கண்டறிந்தன. மாண்டல், அகோல் என்னும் இருவர் 2002இல் வெளியிட்ட சூத்திரங்கள் ஒளி வளையியைக் கணிக்கக் கைகொடுத்தன. ஆயின் அச்சூத்திரங்களில் இடவேண்டிய மங்கற் குணகங்களை எங்கிருந்து பெறுவது? விண்மீன் வளிமண்டல மாதிரிகளைக் கணினியில் அமைத்து, அவற்றிலிருந்து பெற்ற அட்டவணைகளைக் கிளாரெட் முதலியோர் வெளியிட்டனர். சந்திரசேகர் தொடங்கியதன் பேரப்பிள்ளைகள் அவை. இன்னொரு வழி, குணகங்களையும் அறியாக் கணியங்களாகவே விட்டு ஒளி வளையியிலிருந்தே பெறுதல். முதல்வழியில் அட்டவணை பிழைத்தால் கோளின் பருமனும் ஒருபக்கமாகப் பிழைக்கும். இரண்டாம் வழியில் ஐயத்தின் அளவு பெருகும். இரண்டு வழியாலும் ஒரே விடை வந்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். வரவில்லை. கெப்ளரின் அளவைகள் செம்மைப்படச் செம்மைப்பட, மாதிரிகள் கூறியதினும் விண்மீன்களின் விளிம்பில் மங்கல் சிறிது குறைவாக இருப்பது வெளிப்பட்டது.

இவ்வேறுபாட்டிற்கு 2024இல் ஒரு விளக்கம் வந்தது. வந்த இடமும் நினைவில் வைக்கத்தக்கது. கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் சூரியத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நாதியா கொஸ்டொகிரிஸ், அலெக்சாந்தர் ஷப்பிரோ முதலியோர், முன்னைய மாதிரிகள் விண்மீனின் காந்தப்புலத்தைக் கணக்கிற் கொள்ளவில்லை என்றும், அதனைச் சேர்த்துக் கணித்தால் அளவையும் மாதிரியும் பொருந்துகின்றன என்றும் காட்டினர். ஷ்வார்ட்ஸ்சைல்டு ஞாயிற்றின் விளிம்பை வாசித்த அதே ஊர்!

காந்தப்புலம் விளிம்பை எங்ஙனம் ஒளிரச்செய்கின்றது? இதற்கு விடை நமக்கு அண்மையிலேயே, கோடைக்கானல் மலையில் உள்ளது. 1899இல் அங்கு நிறுவப்பட்ட வானாய்வு நிலையம் 1904 தொடக்கம் ஞாயிற்றை நாடோறும் ஒளிப்படம் எடுத்துச் சேர்த்தது. ஒரு நூற்றாண்டைக் கடந்த அத்தொகுதி உலகில் மிக நீண்டவற்றுள் ஒன்று. அத்தகைய வெண்ணொளிப் படங்களில், நடுவில் கண்ணுக்குப் புலப்படாத ஒளித்திட்டுகள் விளிம்பை அணுகுங்கால் வெளிப்படும். காந்தப்புலம் செறிந்த இடங்களில் வாயு அடர்த்தி குன்றிச் சிறு குழிகள் போல் ஆகின்றது. சாய்ந்து நோக்கும்போது அக்குழிகளின் வெப்பமான சுவர்கள் தெரிகின்றன. அவ்வொளி விளிம்பின் மங்கலைச் சிறிது ஈடுசெய்கின்றது. இப்படங்களை எண்ணுருவாக்கியபோது, புள்ளிகளை அளப்பதற்கு முன் ஒவ்வொரு படத்திலிருந்தும் விளிம்பு மங்கலைக் கணித்து நீக்கவேண்டியிருந்தது. தொலைவிலுள்ள கோளை அளப்போர் செய்வதும் மலைமேல் ஞாயிற்றை அளப்போர் செய்வதும் ஒரே திருத்தம்.

இலங்கைக்கு உரியதென்று சொல்லத்தக்க புறக்கோள் ஒன்றும் உண்டு. அனைத்துலக வானியற் கழகம் 2019இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் பெயரிடக் கொடுத்தது. நமக்குக் கிடைத்த எச். டி. 205739 என்னும் விண்மீனுக்கு ‘சாமய’ என்றும் அதன் கோளுக்குச் ‘சமகிய’ என்றும் பெயரிடப்பட்டன. அமைதி, ஒற்றுமை என்பன பொருள். அக்கோள் விண்மீனின் அசைவைக்கொண்டு கண்டறியப்பட்டதாதலின், அதன் திணிவு இவ்வளவினும் குறையாது என்று மட்டுமே கூறலாம். விண்மீனின் முகத்தை அது கடக்கக் காணாதவரையில், விளிம்பு மங்கலின் கணிதமெல்லாம் கையிலிருந்தும் அதன் பருமனை நாம் கூறுதற்கில்லை.

அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பரில். அதனைக் காண நம்மில் எவரும் இரோம். ஆயின் 2031 மே 21ஆம் நாள், தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து செல்லும் கங்கண கிரகணம் ஒன்று நிகழவிருக்கின்றது. தில்லையடியில் அது பகுதிக் கிரகணமாகவே தோன்றும். வளையத்தைக் காண யாழ்ப்பாணம் செல்லவேண்டும். அன்று நிலவின் தோற்ற விட்டம், பாதையின் மிகச்சிறந்த இடத்தில், ஞாயிற்றின் விட்டத்தில் ஏறத்தாழ 100க்கு 96ஆக இருக்கும். எனவே பரப்பில் நூற்றுக்கு 8 வீதம் மறையாது எஞ்சும். ஞாயிறு எங்கும் ஒரே ஒளியுடையதாயின் ஒளியும் 8 வீதமே எஞ்சவேண்டும். எஞ்சும் வளையம் முழுவதும் விளிம்பாதலின், எடிங்டனின் எளிய விதிப்படி கணித்தால் 5 வீதமே வரும். ஒளிமானி ஒன்றும், கிரகணத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவைகளும் இருந்தால், பாடசாலை மாணவர் எவரும் இதனைச் சோதிக்கலாம். அன்று வினவிய மாணவன் இப்போது ஓர் ஆசிரியர். கருவியை இப்போதே தேடத் தொடங்கியிருப்பதாக எனக்கு எழுதியிருக்கிறார்.